ஐஐடி ஆளை உருவாக்குகிறதா, பொறுக்கி எடுக்கிறதா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தக்காளியும் தென்னையும் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். மகன் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தான். ஐஐடிக்கான நுழைவுத் தேர்வில் முதல் கட்டமான ஜேஇஇ மெயினில், இரண்டாம் கட்டமான அட்வான்ஸ்ட் எழுதும் தகுதி கொஞ்சத்தில் தவறிப்போனது. கேரளப் பொறியியல் நுழைவுத் தேர்வான கீமில் ரேங்க் பரவாயில்லை, திருச்சூர் அரசு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. பையனோ, கோட்டயம் பக்கத்துப் பாலா ஊரில் கோச்சிங் சென்டரின் ரிப்பீட்டர் பேட்சில் ஒரு வருடம் உட்கார்ந்து ஐஐடிக்கே போகிறேன் என்கிறான். ஹாஸ்டலோடு இரண்டரை லட்சம் ஆகுமாம். "ஐஐடியில் படித்தவன் எல்லாம் எங்கேயோ போய்விடுகிறானே, அது அந்தக் காலேஜ் செய்ததா? இல்லை, அங்கே போகாவிட்டாலும் அவன் அப்படித்தான் வந்திருப்பானா?" இதுதான் கேள்வி.

இதில் இரண்டு கேள்விகள் ஒரே கயிற்றில் கட்டியிருக்கின்றன. ஒன்று, பெருமை யாருக்குச் சேர வேண்டும் என்பது. இன்னொன்று, இரண்டரை லட்சத்தை எடுத்து வைக்கலாமா என்பது. முதலாவதற்குப் பதில் தெரிந்தால் இரண்டாவதும் தானாகத் தெரிந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். பாதிதான் தெரியும். மீதிப் பாதிக்கு வேறு ஒரு கணக்கு இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பாலக்காடு மாவட்டத்து அரசுக் கல்லூரிகளில் 29 வருடம் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஊரில் என்னை மாஷ் என்பார்கள், எல்லையில் வாளையார் தாண்டினால் சார். எருத்தேன்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம் என்று எல்லையோரத்துத் தமிழ் மீடியம் பிள்ளைகள் என் வகுப்பில் எப்போதும் இருப்பார்கள். ஐஐடியில் நான் படித்ததும் இல்லை, நடத்தியதும் இல்லை. ஆனால் "இதனால்தான் இது நடந்தது" என்று ஒருவர் சொன்னால், உண்மையிலேயே இதனால்தானா என்று பிரித்துப் பார்ப்பதுதான் நான் சம்பளம் வாங்கிய வேலை.

நம் முதலமடை மாங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் பறித்ததை மண்டியில் கொட்டி, ஆட்கள் உட்கார்ந்து பிரிப்பார்கள். அடிபட்டதும் புள்ளி விழுந்ததும் ஒரு பக்கம் போகும். ஒரே அளவாக, மழமழவென்று இருப்பது பெட்டியில் ஏறி டெல்லிக்குப் போகும். அங்கே பெட்டியைத் திறந்தவர், இந்த மண்டிச் சரக்கு அருமை என்பார். அருமைதான். ஆனால் ருசியை மண்டியா கொண்டுவந்தது? மரமும் மண்ணும், மார்கழியில் மூடுபனி விழாமல் இருந்ததும் கொண்டுவந்தது. மண்டிக்காரருக்குக் கண் இருக்கிறது, அதற்கு உண்டான கமிஷனை அவர் வாங்கிக்கொள்ளட்டும்.

ஐஐடியும் முதலில் ஒரு மண்டிதான். 2024-இல் ஜேஇஇ மெயின் எழுதியவர்கள் 14 லட்சத்துக்கும் மேல். எல்லா ஐஐடிகளிலும் சேர்த்து பி.டெக். இடங்கள் ஏறத்தாழ 17,700. இப்படிப் பொறுக்கி எடுத்த பிள்ளைகளை நான்கு வருடம் ஒரு தென்னந்தோப்பில் சும்மா உட்கார வைத்து வெளியே அனுப்பினாலும் பெரும்பாலானவர்கள் ஓரளவு நன்றாகத்தான் வருவார்கள். அதனால் "எங்கள் மாணவர்கள் இவ்வளவு சம்பளம் வாங்குகிறார்கள்" என்று ஒரு கல்லூரி சொல்லும்போது, அதில் எவ்வளவு உள்ளே வரும்போதே இருந்தது, எவ்வளவு உள்ளே சேர்ந்தது என்று அந்த எண்ணிலிருந்து மட்டும் யாராலும் சொல்ல முடியாது. இது சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடியது.

இதை நான் புத்தகத்தில் கற்றுக்கொள்ளவில்லை, அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். எங்கள் டிபார்ட்மெண்ட் ரிசல்ட் எப்போதும் நன்றாக இருக்கும், பத்தில் ஒன்பது பேர் பாஸ். நாங்களும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தோம். ஒரு வருடம் அலாட்மெண்ட் இழுபறியாகி, நல்ல மார்க் வாங்கியவர்கள் எல்லாம் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். கடைசி லிஸ்டில் வந்த பிள்ளைகளை வைத்து வகுப்பு நிறைந்தது. மூன்று வருடம் கழித்து ரிசல்ட் பாதியாக விழுந்தது. பிரின்சிபால் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு, என்ன நடத்துகிறீர்கள் என்று கேட்டார். அதே மூன்று பேர், அதே கரும்பலகை, என் கையில் அதே பழைய நோட்டு. அன்றைக்குத்தான் புரிந்தது, அதற்கு முந்தின வருடங்களின் ரிசல்ட்டும் எங்களுடையது இல்லை என்று. திட்டு வாங்கியதில் வருத்தம் இல்லை. வாங்கிய பாராட்டை எல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்றே என்பதுதான் வருத்தம்.

சரி, பிரித்துப் பார்ப்பது எப்படி? ஒரே மரத்து, ஒரே தரத்து மாங்காயில் ஒன்றைப் பேர்போன பெட்டியிலும் இன்னொன்றைச் சாதாரணப் பெட்டியிலும் போட்டு அனுப்பி, என்ன விலைக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். மனிதர்களில் அப்படி ஒரு ஜோடி கிடைப்பது அபூர்வம். பாலக்காட்டில் ஒன்று கிடைத்தது. டி.என். சேஷனும் ஈ. ஸ்ரீதரனும் 1932-இல் பிறந்தவர்கள். பாலக்காடு பேசல் மிஷன் பள்ளியிலும் விக்டோரியா கல்லூரியிலும் ஒன்றாகப் படித்தவர்கள். இண்டர்மீடியட் முடித்ததும் இரண்டு பேருக்கும் காக்கிநாடா பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று சேஷனின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஸ்ரீதரன் போனார். சேஷன் போகவில்லை, தாம்பரத்தில் சென்னை கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் சேர்ந்தார். காக்கிநாடாவுக்குப் போனவர், 1964 புயலில் உடைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்து, பிறகு கொங்கண் ரயில்பாதையும் டெல்லி மெட்ரோவும் போட்டார். போகாதவர் ஐஏஎஸ் ஆகி, 1990 முதல் 1996 வரை தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்து அரசியல்வாதிகளின் தூக்கத்தைக் கெடுத்தார். இதில் காக்கிநாடாவுக்கு எவ்வளவு பங்கு, தாம்பரத்துக்கு எவ்வளவு? சேஷன் பின்னால் ஹார்வர்டிலும் போய் ஒரு பட்டம் வாங்கினார். அவர்களும் தங்கள் பழைய மாணவர் பட்டியலில் அவரை வைத்துக்கொள்ளலாம், யார் தடுப்பது? விக்டோரியா கல்லூரிக்கோ இரண்டு பேருமே சொந்தம்.

ஆனால் இரண்டு பேரை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. புள்ளியியல் வாத்தியார் இதைச் சொல்லாமல் விட்டால் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள். இதையே ஆயிரக்கணக்கான பேரை வைத்துச் செய்தவர்கள் அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள். 1976-இல் கல்லூரியில் சேர்ந்தவர்களை எடுத்துக்கொண்டு, 1995-இல் அவர்கள் என்ன சம்பாதித்தார்கள் என்று பார்த்தார்கள். எல்லாரையும் கலந்து ஒப்பிடாமல், ஒரே மாதிரிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து ஒரே மாதிரி இடம் கிடைத்தவர்களை மட்டும் ஒப்பிட்டதுதான் அவர்கள் செய்த கெட்டிக்காரத்தனம். அதாவது சேஷன், ஸ்ரீதரன் மாதிரி ஜோடிகள். பெரிய கல்லூரியில் இடம் கிடைத்துப் போனவரும், இடம் கிடைத்தும் சின்னக் கல்லூரிக்குப் போனவரும் சராசரியாக ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். 2002-இல் இது வெளியானபோது நிறையப் பேருக்கு இது கசந்தது.

அதில் இன்னொரு விஷயமும் வந்தது, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். எந்தக் கல்லூரிக்குப் போனாய் என்பதைவிட, எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாய் என்பது பின்னால் வரும் வருமானத்தைச் சொல்லிவிட்டது. பெரிய இடத்துக்கு விண்ணப்பித்து, இடம் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள்கூட நன்றாகவே வந்தார்கள். சினிமா இயக்குநர் ஸ்பீல்பெர்க், பேர்பெற்ற சினிமாப் பள்ளிகளில் இடம் கிடைக்காமல் லாங் பீச்சில் ஒரு அரசுக் கல்லூரியில் படித்தவர். அதனால் இதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். உங்கள் மகன் ஐஐடிக்கே போகிறேன் என்கிறானே, அந்த "கே"தான் இது. அவன் திருச்சூருக்குப் போனாலும் அந்த "கே" அவனோடு பஸ் ஏறும்.

இத்தோடு நிறுத்தினால் நான் உங்களை ஏமாற்றியதாகிவிடும். அதே ஆராய்ச்சியில் ஒரு விதிவிலக்கு இருந்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரி நிஜமாகவே பலன் கொடுத்தது. சில வருடம் கழித்துப் புதிய தகவல்களோடு திரும்பப் பார்த்தபோது கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளுக்கும், அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைகளுக்கும் பலன் தெரிந்தது. வீட்டில் ஏற்கெனவே இருப்பதைக் கல்லூரி மறுபடியும் கொடுத்தால் அது கணக்கில் ஏறாது. வீட்டில் இல்லாததைக் கொடுத்தால்தான் ஏறும். இந்த விளக்கம் என்னுடையது, ஆராய்ச்சி இப்படி நிரூபித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் படித்த ஒரு பெண், அப்பா கள் இறக்கும் தொழிலாளி. பத்தாவது வரை தமிழ் மீடியம். கணக்கில் புலி, இங்கிலீஷில் பூனை. எம்.எஸ்சி.க்கு வெளிமாநிலத்தில் பெயருள்ள ஒரு நிறுவனத்தில் இடம் கிடைத்துப் போனாள். ஒரு வருடம் கழித்து லீவில் வந்தபோது, அங்கே நடத்துகிற பாடம் எப்படி என்று கேட்டேன். "பாடம் நீங்கள் நடத்தியதேதான் மாஷ், கொஞ்சம் வேகம்" என்றாள். பிறகு, ரூம்மேட் ஆக்சுவரி பரீட்சை எழுதுகிறாள், நானும் எழுதப் போகிறேன் என்றாள். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் ஆயுள், ஆபத்து எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுகிற வேலை அது. புள்ளியியல் படித்தவர்களுக்கு அதைவிட நல்ல வேலை குறைவு. அப்படி ஒரு வேலை இருப்பது எனக்கு முன்பே தெரியும். மூன்று வருடம் அவளுக்குப் பாடம் நடத்தினேன், ஒரு நாள்கூட அதைச் சொன்னதில்லை. நம் பிள்ளைகளுக்கு பி.எட்., அரசு வேலைக்கான பிஎஸ்சி பரீட்சை, பேங்க் போதும் என்று நானே முடிவு கட்டி வைத்திருந்தேன் போலிருக்கிறது. அந்த நிறுவனத்துக்குப் பெருமை சேர வேண்டும் என்றால் அந்த ஒரு ரூம்மேட்டுக்காகச் சேரலாம். அவளை அந்த அறையில் கொண்டுபோய் வைத்தது அவர்கள்தானே.

ரூம்மேட் விஷயத்துக்கும் ஆராய்ச்சி உண்டு. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் முதல் வருடப் பிள்ளைகளுக்கு அறைகளைக் குலுக்கல் மாதிரி ஒதுக்கியதை வைத்து ப்ரூஸ் ஸாசர்டோட் என்பவர் 2001-இல் எழுதினார். அறையில் கூட இருப்பவரின் மார்க் இவர் மார்க்கையும் கொஞ்சம் இழுக்கிறது. எந்தச் சங்கத்தில் சேர்வது என்பது போன்ற பழக்கங்களையும் இழுக்கிறது. ஆனால் எந்தப் பாடத்தை எடுப்பது என்ற முடிவில் அப்படி இழுப்பு தெரியவில்லை. இழுப்பு சின்னதுதான். ஆனாலும் நிஜமானது, ஏனென்றால் அங்கே யாரும் யாரையும் பொறுக்கி எடுக்கவில்லை.

இனி கொஞ்சம் குழப்பமான பகுதி. 2023-இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் என்ற மூன்று பேர், ஹார்வர்ட் போன்ற 12 கல்லூரிகளின் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களை எடுத்துப் பார்த்தார்கள். மயிரிழையில் உள்ளே போனவர், மயிரிழையில் வெளியே நின்று நல்ல அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர், இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? சராசரி வருமானத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அது டேல், க்ரூகர் சொன்னதோடு ஒத்துப்போகிறது. ஆனால் நாட்டில் நூற்றில் ஒருவர் மட்டும் தொடுகிற உச்ச வருமானத்தை எட்டும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆகிறது. பெயர்பெற்ற நிறுவனங்களில் வேலை பார்க்கும் வாய்ப்பு மூன்று மடங்கு ஆகிறது. அதாவது நடுவில் இருப்பவர்களை அந்தக் கல்லூரிகள் அதிகம் நகர்த்துவதில்லை, உச்சிக்கு ஏறுகிற சிலருக்கு ஏணி போடுகின்றன. அந்த ஏணிக்கு யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் அதே கட்டுரை சொன்னது. ஒரே மார்க் வாங்கியிருந்தாலும், பெரும் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு நடுத்தர வீட்டுப் பிள்ளையைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் ஸெத் ஸிம்மர்மன் பார்த்தது இதைவிடக் கசப்பானது. அங்கே பெரிய கல்லூரிகளின் வணிகம் சார்ந்த படிப்புகளில் சேர்ந்தால், கம்பெனித் தலைமைப் பதவியும் உச்ச வருமானமும் கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆகிறது. ஆனால் அந்த லாபம் முழுக்க, விலையுயர்ந்த தனியார் பள்ளியிலிருந்து வந்த ஆண் பிள்ளைகளுக்கு மட்டும்தான். அதே வகுப்பில் உட்கார்ந்திருந்த மற்றவர்களுக்கு இல்லை, பெண்களுக்கும் இல்லை. ஏழைப் பிள்ளைக்குத்தான் பலன் என்று அமெரிக்காவில் ஒன்று சொல்கிறது, பணக்காரப் பிள்ளைக்கு மட்டும்தான் பலன் என்று சிலியில் ஒன்று சொல்கிறது. இரண்டும் ஒழுங்காகச் செய்த ஆராய்ச்சிகள். ஒன்று பொதுவான வருமானத்தை அளந்தது, இன்னொன்று முதலாளி நாற்காலியை அளந்தது என்பதால் இப்படி இருக்கலாம். நாற்காலிக்கு மார்க் போதாது, மாமன் மச்சான் வேண்டும். இதுவும் என் ஊகம்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஷீதல் சேக்ரி இந்தியாவின் பெயர்பெற்ற அரசுக் கல்லூரிகளை எடுத்துப் பார்த்தார். கட்ஆஃப் மார்க்குக்குச் சற்று மேலே இருந்து உள்ளே போனவர்களையும், சற்று கீழே இருந்து வேறு கல்லூரிக்குப் போனவர்களையும் ஒப்பிட்டார். படிப்பு முடிந்து எழுதும் கடைசிப் பரீட்சையில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் சம்பளத்தில் வித்தியாசம் இருந்தது, பெயருள்ள கல்லூரியில் படித்தவருக்கு அதிகம். இந்தக் கேள்விக்கு நம் மண்ணிலிருந்து கிடைத்த நேரடியான பதில் இதுதான் என்பேன். அறிவு கூடவில்லை, விலை கூடியது. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் இதற்கு அடிப்படை போட்டு எழுதி, 2001-இல் நோபல் பரிசில் பங்கு வாங்கினார். வேலை கொடுப்பவருக்கு உன் மூளைக்குள் எட்டிப் பார்க்க முடியாது, அதனால் பெட்டி மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்க்கிறார் என்பதுதான் சாரம்.

பெயர் என்றால் எவ்வளவு பெயர் என்று தெரிந்துகொள்ள வேலந்தாவளம்காரர்கள் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. 2015-இல் ஐஐடி பாலக்காடு ஆரம்பித்தபோது கஞ்சிக்கோட்டில் அதற்குச் சொந்தக் கட்டடம் இல்லை. கோழிப்பாறையில் ஒரு தற்காலிக வளாகத்தில்தான் வகுப்பு நடந்தது, சென்னை ஐஐடி வழிகாட்டியாக இருந்தது. நான் ஒரு நாள் வேடிக்கை பார்க்கப் போனேன். ஒரு பழைய மாணவர்கூட இல்லை, ஒரு பிளேஸ்மெண்ட்கூட நடந்ததில்லை, சொந்தமாக ஒரு செங்கல் இல்லை. ஆனால் நாடு முழுவதிலிருந்தும் ராங்க் வாங்கிய பிள்ளைகள் ட்ரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே, பல வருடமாக நல்ல வாத்தியார்களோடு நடந்துகொண்டிருந்த கல்லூரிகளைத் தாண்டித்தான் வந்தார்கள். அந்த முதல் வருடப் பிள்ளைகள் நன்றாக வந்திருந்தால் அந்தப் பெருமையை எந்தக் கட்டடத்துக்குக் கொடுப்பீர்கள்? மூன்றெழுத்துக்குத்தான் கொடுக்க முடியும். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. மூன்றெழுத்து கதவைத் திறக்கிறது என்றால் அதுவும் ஒரு சரக்குதான், விலை உண்டு. பெரிய கம்பெனிகள் எல்லாக் கல்லூரிகளுக்கும் போவதில்லை, சில கல்லூரிகளுக்குத்தான் போகின்றன. திருச்சூரில் படிப்பவன் அதே கம்பெனிக்குள் போக முடியாது என்பதில்லை. ஆனால் கம்பெனி அவன் வாசலுக்கு வராது, இவன் அதன் வாசலைத் தேடிப் போக வேண்டும்.

அளக்காமல் விட்டதையும் சொல்ல வேண்டும். இந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் சம்பளத்தைத்தான் அளக்கின்றன. நல்ல ஆய்வகத்தில் கை படிந்தது, ஒரு வாத்தியார் ஒரு வார்த்தை சொல்லி வாழ்க்கை திரும்பியது, இதெல்லாம் சம்பளக் கணக்கில் வராது. கட்ஆஃப் ஓரத்தில் நிற்பவர்களை மட்டும் ஒப்பிடும் முறை, முதல் 100 ராங்க் வாங்கியவனுக்கு என்ன நடக்கிறது என்று சொல்லாது. அவனுக்குச் சமமான ஆள் வெளியே இல்லை, ஒப்பிட முடியாது. உள்ளே போய்த் திணறி, பேப்பர் பேப்பராக விட்டு, பாதியில் திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். எந்த போர்டிலும் அவர்கள் போட்டோ இல்லை. சுந்தர் பிச்சை காரக்பூர் ஐஐடி, அதை எல்லாரும் சொல்வார்கள். சத்யா நாதெல்லா ஐஐடி நுழைவுத் தேர்வில் தேறாமல் மணிப்பாலில் படித்தவர் என்பதை அதே மூச்சில் யாரும் சொல்வதில்லை.

என்னைக் கேட்டால், பெருமையைத் தூரத்தை வைத்து அளக்க வேண்டும் என்பேன். பிள்ளை எங்கே ஏறினான், எங்கே இறங்கினான், நடுவில் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது? கோயம்புத்தூரில் ஏறியவனை உக்கடத்தில் இறக்கிவிட்டு நகரத்துக்கே கொண்டுவந்தேன் என்று சொல்லக்கூடாது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசை 2016-இலிருந்து வருகிறது. ஆசிரியர், ஆராய்ச்சி, பட்டம் வாங்கியவர்கள், வேலையும் சம்பளமும், ஊரில் பெயர் என்று நிறையப் பார்க்கிறார்கள். பின்தங்கிய வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்றுகூட ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் உள்ளே வரும்போது என்ன மார்க் என்பதைக் கழித்துவிட்டு மீதியைப் பார்ப்பதில்லை. கழித்துப் பார்த்தால் பட்டியல் தலைகீழாகிவிடும் என்று சொல்ல மாட்டேன், அது எனக்கு ஆசை, ஆதாரம் இல்லை. ஆனால் பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்தில், தமிழில் மட்டும் பத்தாவது வரை படித்து, தட்டுத் தடுமாறி பாஸ் பண்ணி வந்த பிள்ளையைப் பிடித்து வைத்து ஒரு ஆசிரியையாகவோ அரசு ஊழியராகவோ அனுப்புகிற சின்னக் கல்லூரி ஓட்டுகிற தூரம் அதிகம் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அந்த வண்டியில் நானே 29 வருடம் கண்டக்டர் வேலை பார்த்திருக்கிறேன், அதனால் பாரபட்சம் இருக்கும். கழித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் இரண்டரை லட்சம். கொஞ்சத்தில் தவறியது என்கிறீர்கள். எதில் தவறியது என்று பாருங்கள். மெயினிலிருந்து அட்வான்ஸ்ட் எழுதத் தகுதி பெறுபவர்கள் எல்லாப் பிரிவும் சேர்த்து ஏறத்தாழ 2.5 லட்சம் பேர். அந்தக் கூட்டத்தில் சேர்வதில் உங்கள் மகன் கொஞ்சத்தில் தவறினான். இடம் அதில் பதினான்கில் ஒருவருக்குத்தான். இடஒதுக்கீட்டுப் பிரிவைப் பொறுத்துக் கணக்கு மாறும், ஆனால் படிக்கட்டு இன்னும் நிறைய இருக்கிறது என்பது மாறாது. அட்வான்ஸ்டை பிளஸ் டூ எழுதிய வருடமும் அதற்கு அடுத்த வருடமும் என்று இரண்டு தடவைதான் எழுத முடியும், இந்த வருடம் போய்விட்டது. அவனுக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு தடவை. கேரளத்துப் பிள்ளை என்பதால், கோழிக்கோடு என்ஐடியில் பாதி இடம் இந்த மாநிலத்துக்கு என்பதையும் கணக்கில் வையுங்கள். ரிப்பீட்டருக்கு அது கொஞ்சம் கைக்கு எட்டும் இலக்கு.

நான் அவன் இடத்தில் இருந்தால் திருச்சூரில் கம்ப்யூட்டர் சயன்ஸோ எலக்ட்ரிக்கலோ கிடைத்தால் போய்விடுவேன். நான்கு வருடம் கழித்து கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக்.குக்கு ஐஐடிக்கோ பெங்களூர் ஐஐஎஸ்சிக்கோ போகலாம், அந்தக் கதவு அப்போதும் திறந்திருக்கும். பிடிக்காத பிராஞ்ச்தான் கிடைக்கிறது, அல்லது பிளஸ் டூ வருடம் உடம்பு சரியில்லாமலோ வீட்டுப் பிரச்சினையிலோ அவன் சரியாகப் படிக்க முடியாமல் போனது என்றால், ஒரு வருடம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. முழு மூச்சாகப் படித்தே இந்த மார்க்தான் என்றால், இன்னொரு வருடம் அதே மூச்சை வாங்கி என்ன கூடும் என்று அவனிடமே கேளுங்கள். கோபப்படுவான், பரவாயில்லை. கல்லூரியில் சேர்ந்துகொண்டே அடுத்த வருடம் ஜேஇஇ எழுதவும் விதியில் தடை இல்லை. முடியுமா என்றால், சிலரால் முடிகிறது.

பாலாவில் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். பாலக்காடு ஸ்டேடியம் ஸ்டாண்டில் பஸ் இறங்கினால் நிமிர்ந்து பார்க்கிற இடமெல்லாம் கோச்சிங் போர்டுகள், ராங்க் வாங்கிய முகங்கள். ஜெயித்த முகங்களை எண்ணத் தெரிகிறது, மொத்தம் எத்தனை பேர் பணம் கட்டினார்கள் என்பதை எந்த போர்டிலும் போடுவதில்லை. அதனால் நீங்கள் சேர்க்க நினைக்கும் இடத்துக்கு நேரில் போய், போன வருடம் ரிப்பீட்டர் பேட்சில் சேர்ந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர், அதில் உங்கள் மகன் இந்த வருடம் வாங்கிய மார்க் அளவில் வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஐஐடிக்கும் என்ஐடிக்கும் போனவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். மூன்று எண்கள், ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். கிடைத்தால் இங்கேயே போடுங்கள், நான் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரைக்கும் கீம் ஆப்ஷன் லிஸ்டில் திருச்சூரை எடுத்துவிட வேண்டாம்.